ஆன்மிகமும் இயற்கையும் சார்ந்த ஒளிப்படங்களை மட்டுமே எடுத்து வாழ்க்கை நடத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் நல்ல சம்பளத்தில் இருக்கிறார், விடுமுறைகளில் கேமராவோடு மலைக்குப் போகிறார், திங்கட்கிழமை காலையில் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார் என நானாகவே ஊகித்துக்கொண்டு எழுதுகிறேன். திருவண்ணாமலையில் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் படம் எடுப்பதே என் பிழைப்பு. வாழ முடியும், ஆனால் சோறு போடுவது மலையாக இருக்காது, முகூர்த்தமாக இருக்கும். என் வருமானத்தில் பத்தில் ஒன்பது பங்கு கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு ஆகியவற்றிலிருந்து வருகிறது.

இதில் இழிவு எதையும் நான் காணவில்லை. ரமண மகரிஷியின் படங்களுள் பூஜை அறைகளில் மிகுதியாகக் காணப்படுவது, பெங்களூரில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜி. ஜி. வெல்லிங் 1940-களில் எடுத்த முகப்படம். மாக்னம் என்ற ஒளிப்படக் கலைஞர்களின் கூட்டு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான், 1950 ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்த வேளையில் இவ்வூரில்தான் இருந்தார். வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலையுச்சிக்குப் பின்னால் மறைந்ததைக் கண்டதாகச் சொன்னவர் அவர். ஒருவர் ஸ்டுடியோக்காரர், மற்றவர் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். நானோ, 2011-இல் ‘ஆன்மிக, இயற்கை ஒளிப்படக் கலைஞர்’ என்று முகவரி அட்டை அச்சடித்துக்கொண்டேன்.

அந்த அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் நாட்காட்டி அச்சிடும் நிறுவனம் ஒன்று என்னைத் தேடி வந்தது. மலையுச்சியில் கார்த்திகை தீபம் எரிய வேண்டும், அதன் பின்னால் முழுநிலா பெரிதாகத் தெரிய வேண்டும், கீழே இராஜகோபுரம் இருக்க வேண்டும் என்றார்கள். கோபுரமும் தீபமும் உள்ள என் படத்தில், வேறொரு நாள் வேறோர் இடத்தில் எடுத்த நிலவைக் கணினியில் ஒட்டி, மூன்று மடங்கு பெரிதாக்கிக் கொடுத்தேன். நான்காயிரம் ரூபாய் தந்தார்கள். அன்றைக்கு அது எனக்குப் பெரிய தொகை. இதைக் குறை சொல்பவர்கள் அந்த மாதம் என் வீட்டு வாடகையைக் கட்டியிருக்கப் போவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நாட்காட்டி வந்த சில வாரங்களில், ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் பேத்தியின் பாஸ்போர்ட் அளவுப் படத்துக்காக என் கடைக்கு வந்தார். சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கோயில் மலைக்குக் கிழக்கேதானே இருக்கு? தீபம் ஏத்துறது சாயங்காலம் ஆறு மணி. அந்த நேரத்துல பௌர்ணமி நிலா நம்ம முதுகுப் பக்கமால்ல வரும்?” என்று கேட்டார். குரலில் கேலி இல்லை, உண்மையிலேயே சந்தேகம் கேட்பவரைப் போலத்தான் கேட்டார். நான் குழந்தையின் தலையை நேராக வைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் பாவனை செய்தேன். இந்த ஊரிலேயே பிறந்து, ஆண்டுதோறும் அந்தத் தீபத்தைப் பார்த்து வளர்ந்தவன், சூரியன் எங்கே மறைகிறது, நிலா எங்கே எழுகிறது என்பதைக்கூட யோசிக்காமல், இயற்கையைப் படம் எடுப்பவன் என்று அட்டை அடித்து வைத்திருந்தேன்.

அதன் பிறகு உண்மையாகவே மலைக்குப் பின்னால் நிலவை எடுத்துவிடுவது என்று பிடிவாதம் வந்தது. மாலையில் கிழக்கே எழும் முழுநிலா மறுநாள் விடியலில் மேற்கே இறங்கும். கார்த்திகையில் அது நேர்மேற்கில் இறங்காமல் வடமேற்கு ஒட்டி இறங்குவதால், நகருக்குத் தெற்கே விலகி, மலைக்குத் தென்கிழக்கில் உள்ள வயல்வெளியில் நிற்க வேண்டும். உச்சி உயரமாக இருப்பதால் நிலா மறையும் நேரத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்துப் பயனில்லை; அதற்கு அரை மணிக்கும் முன்பே மலை அதை விழுங்கிவிடும். முதல் ஆண்டு வரப்பு ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்ததில், உச்சிக்கு ஒரு முழம் வலப்புறமாக நிலா இறங்கிப் போனது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் வடகிழக்குப் பருவமழை. நான்காம் ஆண்டு விடியற்காலை முகூர்த்தம். மணமகன் வீட்டார் மூன்று மாதம் முன்பே முன்பணம் கொடுத்திருந்தார்கள், நான் மண்டபத்தில் இருந்தேன். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் உச்சியை மேகம் மூடியிருந்தது. ஏழாவது ஆண்டில் கிடைத்தது. நிலா சிறியதாகவே இருந்தது. தீபம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தணிந்திருந்தது. ஷட்டரை நான் நான்கு முறை மட்டுமே அழுத்தினேன், பிறகு பனியில் நனைந்த செருப்போடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஆன்மிகம் என்று எதையாவது நான் சொல்லிக்கொள்ள முடியுமானால் அந்தச் சில நிமிடங்களைத்தான் சொல்வேன். அவை படத்தில் தெரிகின்றனவா என்று கேட்டால், தெரியவில்லை. பக்தியோடு எடுக்கும் படங்கள் பொய் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் செய்த பொய்யை மட்டுமே சொல்கிறேன்.

அந்தப் படத்தை எந்த நாட்காட்டி நிறுவனமும் வாங்கவில்லை, நிலா போதவில்லையாம். பழைய படத்தை மட்டும் அதே நிறுவனம் இன்னும் இரண்டு முறை அச்சிட்டது, ஒரு காசும் தரவில்லை. வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டபோதுதான், பிறர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் பெற்று எடுத்த ஒளிப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கூறுவதை அறிந்தேன். நானாக முன்பே எடுத்து வைத்திருந்த படங்களுக்கு அது பொருந்தாது என்று வாதாடலாம், ஆனால் என் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. வேலையை விடுவதற்கு முன், யார் எத்தனை முறை எதில் அச்சிடலாம் என்று எழுதி வாங்கப் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுச் செலவுக்குப் பணமும், கல்யாண வீட்டில் பொறுமையாக நிற்கும் கால்களும் இருந்தால் வாருங்கள்.

சென்ற ஆண்டு தீபத்தன்று காலை, என் மைத்துனர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். “பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே தோன்றும் அரிய காட்சி, அனைவருக்கும் பகிருங்கள்” என்று கீழே எழுதியிருந்தது. நான் ஒட்டிய நிலாதான். இரண்டு கைகள் கூப்பிய குறியீட்டைப் பதிலாக அனுப்பினேன்.