பிள்ளைகளோடும் அம்மாவோடும் டிஸ்னி வேர்ல்ட் போகிறோம். எப்காட்டில் உள்ள பிரெஞ்சு உணவகத்தில் சாப்பிடலாமா?

போங்கள்.

கொழும்பிலிருந்து போகிறோம், இரண்டு பிள்ளைகளும் அம்மாவும் வருகிறார்கள், நத்தை, மாட்டிறைச்சி சூப் என்று பட்டியலைப் பார்க்கவே யோசனையாக இருக்கிறது, காசு வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். 2018 டிசம்பரில் நாங்களும் இதே மாதிரி ஐந்து பேர் போனோம்: நான், மனைவி, அப்போது 13 வயதான மகள், 9 வயதான மகன், எழுபதைத் தாண்டிய அம்மா. போனது டிஸ்னி வேர்ல்டின் தீம் பார்க்குகளில் ஒன்றான எப்காட்டில், பிரான்ஸ் பகுதியின் மாடியில் இருக்கும் 'முசியே போல்' என்ற உணவகம். அந்த இரவைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் கதைக்கிறோம்.

அதற்கு முந்தின வருடம் கொழும்பிலேயே ஒரு முறை இப்படிச் சாப்பிடப் போய் அது நன்றாக அமையவில்லை. மகளின் பிறந்தநாளுக்காக ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போனோம். தட்டு வந்ததும் நானும் மனைவியும் மாறி மாறி மகனிடம், "இவ்வளவு காசு குடுத்து எடுத்தது, மிச்சம் வைக்காமல் சாப்பிடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். அவன் சீஸ் சோஸ் ஊற்றிய கோழித்துண்டை வாயில் வைத்தபடி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் பயந்து அழுதான். வீட்டுக்கு வந்து இரவு பத்து மணிக்குப் பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தான். அன்றைக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் நெருக்கியதுதான் பிழை.

அதனால் அமெரிக்கா போகும் முன்பே வெள்ளவத்தை வீட்டில் மூன்று விஷயம் முடிவு செய்தோம். யாரும் யாரையும் சாப்பிடச் சொல்லக் கூடாது. யாரும் யாருடைய தட்டிலிருந்தும் எடுக்கலாம். மேசையில் விலையைப் பற்றிப் பேச்சே வரக் கூடாது. நீங்கள் வேறு எதை மறந்தாலும் இந்த மூன்றையும் மறக்காதீர்கள். பிள்ளை ஒரு புதுச் சாப்பாட்டை வாயில் வைக்க வேண்டுமென்றால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அதற்கு முதலில் இருக்க வேண்டும்.

தீம் பார்க்கில் என்ன பெரிய பிரெஞ்சுச் சாப்பாடு என்று எனக்கும் முதலில் தோன்றியது. தேடிப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. எப்காட் 1982 அக்டோபர் 1 அன்று திறந்தது. ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் பகுதிகள் இருக்கின்றன. பிரான்ஸ் பகுதியில் உணவகம் நடத்த அன்றைக்கு வந்தவர்கள் போல் பொக்கூஸ், ரொஜே வெர்ஜே, கஸ்தோன் லெனோத்ர் என்ற மூன்று பேர். மூவரும் பிரான்சின் மிகப் பெரிய சமையல்காரர்கள். பிரான்சின் லியோன் நகருக்குப் பக்கத்தில் பொக்கூஸ் நடத்திய உணவகம் 1965-லிருந்து 2020 வரை, மிஷெலின் உணவக வழிகாட்டி தரும் அதி உயர்ந்த தரமான மூன்று நட்சத்திரத்தை விடாமல் வைத்திருந்தது. எப்காட்டில் கீழ்த்தளத்தில் இருப்பது ஷெஃப் த பிரான்ஸ். மாடியில் இருந்ததைப் புதுப்பித்து 2012 கடைசியில் பொக்கூஸின் பெயரில் முசியே போல் ஆக்கினார்கள். அவர் 2018 ஜனவரியில், 91 வயதில் காலமானார். நாங்கள் போனது அதே வருடக் கடைசியில்.

அங்கே பரிமாறுகிறவர்கள் பெரும்பாலும் பிரான்சிலிருந்து வந்து வேலை செய்யும் இளம் பிள்ளைகள். என் மகள் பார்ன்ஸ் பிளேஸ் அலியான்ஸ் பிரான்சேஸில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்தவள். மேசைக்கு வந்த பெண்ணிடம் அவள் பிரெஞ்சில் மாலை வணக்கம் சொல்ல, அந்தப் பெண் குனிந்து அவளோடு பிரெஞ்சிலேயே பேசத் தொடங்கிவிட்டாள். பிறகு எங்கள் ஐந்து பேருக்கும் பட்டியலைப் படித்துச் சொன்னது மகள்தான். அவள் முகத்தில் அன்று கண்ட பெருமையை வகுப்புக் கட்டணத்தோடு ஒப்பிட மாட்டேன்.

மேசை பதிவு செய்வதைப் பற்றி. அப்போது 180 நாட்களுக்கு முன்பு பதிவு திறந்தது. இப்போது 60 நாட்கள். பதிவு திறப்பது அங்கே புளோரிடாவில் காலை ஆறு மணிக்கு, அப்போது இங்கே கோடை காலத்தில் பின்னேரம் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை. நான் ஜூன் மாதம் ஒரு நாள் அலுவலகத்தில் மூன்றரைக்குக் கணினி முன்னால் இருந்து எடுத்தேன். கொழும்பில் இருப்பவர்களுக்கு இது வசதி, நித்திரை முழிக்கத் தேவையில்லை. முடிந்தவரை முதல் பந்தி நேரத்தை எடுங்கள். அன்று மத்தியானம் நாங்கள் தங்குமிடத்துக்குத் திரும்பி எல்லோரும் ஒரு தூக்கம் போட்டோம். ஏரியைச் சுற்றி நடப்பதே கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அம்மாவையும் சின்னவனையும் காலையிலிருந்து அலைய வைத்துவிட்டு இரவில் இரண்டு மணி நேரம் மேசையில் உட்காரச் சொல்வது நியாயமில்லை.

இப்போது நம்மவர்களுக்கு முக்கியமான விஷயம். அந்த உணவகத்தின் பேர்போன சாப்பாடு ட்ரஃபிள் சூப். அதன் சாறு மாட்டிறைச்சியில் காய்ச்சியது. பட்டியலில் 'ட்ரஃபிள்' என்ற காளானின் பெயரை மட்டும் பார்த்து வெறும் காளான் சூப் என்று நினைத்து அம்மாவுக்குச் சொல்லிவிடாதீர்கள். என் அம்மா மாட்டிறைச்சியைத் தொட மாட்டார். எங்கள் குசினியில் அது சமைப்பதும் இல்லை. நானும் பிள்ளைகளும் வெளியில் சாப்பிடுவோம். பிரெஞ்சுச் சமையலில் சோஸ்களில் வைன் சேர்ப்பதும், எலும்புச் சாறு ஊற்றுவதும், ஈரல் வைப்பதும் வழக்கம், வெளியே பார்த்தால் தெரியாது. பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், மேசையில் உட்கார்ந்ததும் இன்னொரு முறை சொல்லுங்கள். நாங்கள் சொன்னபோது அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, எது எதில் மாடு இருக்கிறது, எதில் வைன் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அந்த சூப்பை நானும் மகளும் ஒன்றாக எடுத்துப் பங்கு போட்டோம். 1975 பிப்ரவரியில் பிரெஞ்சு ஜனாதிபதி வலேரி ஜிஸ்கார் தெஸ்தாங் பொக்கூஸுக்கு நாட்டின் உயர் விருது கொடுத்தபோது, எலிசே மாளிகை விருந்துக்காக அவர் உருவாக்கியது இது. கிண்ணத்தின் வாயைப் பஃப் பேஸ்ட்ரி மாவால் மூடி ஓவனில் வைத்துவிடுவார்கள். மாவு குமிழ் மாதிரி எழும்பிப் பொன்னிறமாக நிற்கும். அழகுக்காக மட்டும் மூடவில்லை. ட்ரஃபிள் என்பது மரவேர்களை ஒட்டி மண்ணுக்கு அடியில் விளையும் காளான் வகை. அதன் மதிப்பே மணத்தில்தான், அந்த மணம் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும். மாவு மூடி அதைப் பிடித்து வைக்கிறது. மகள் கரண்டியின் முதுகால் மூடியைத் தட்டினாள். முதல் தட்டில் உடையவில்லை. இரண்டாவது தட்டில் 'சர்க்' என்று உள்ளே இறங்கியது, ஆவி அவள் கண்ணாடியில் படிந்தது. ஈர மண்ணும் வறுத்த இறைச்சியும் கலந்த மாதிரி ஒரு வாசம். மேசையில் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தோம், அம்மா உட்பட. மாவுத் துண்டு பாதி சூப்பில் ஊறிப் பாதி மொறுமொறுவென்று இருக்கும்போது சாப்பிட வேண்டும். அப்பத்தின் ஓரத்தைச் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்த ருசி உடனே பிடிபடும்.

நத்தைக்கு மட்டும் கொழும்பிலேயே கொஞ்சம் ஒத்திகை பார்த்தோம். மனைவி வெள்ளவத்தைச் சந்தையில் கணவாய் வாங்கி, பட்டர், நசுக்கிய பூண்டு, மல்லியிலை போட்டு இரண்டு மூன்று முறை செய்து கொடுத்தாள். பிரெஞ்சுக்காரர்களும் நத்தையைப் பூண்டும் பார்ஸ்லியும் பட்டரும் சேர்த்துத்தான் வழக்கமாகச் செய்கிறார்கள், மெல்லும்போது ஒரு இழுவை இருப்பதும் கணவாய் மாதிரிதான். அப்படியிருந்தும் தட்டு வந்ததும் மகன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் முள்ளுக்கரண்டியால் ஒன்றைக் குத்தி எடுத்தார். அவர் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில், மட்டி தின்று வளர்ந்தவர். மெதுவாக மென்று விழுங்கிவிட்டு, "இது எங்கட மட்டி மாதிரித்தான் இருக்கு. கொஞ்சம் மிளகு போட்டிருந்தால் இன்னும் நல்லாயிருக்கும்" என்றார். கிண்ணியாவிலிருந்து மட்டி வந்ததும், அவருடைய அம்மா அதை ஓட்டோடு அவித்ததும், பிறகு தேங்காய்ப்பாலில் கறி வைத்ததும் எல்லாம் கதையாக வந்தது. கதை முடிவதற்குள் மகன், "அப்பம்மா, எனக்கும் ஒண்டு" என்றான். இரண்டு சாப்பிட்டான். மூன்றாவது வேண்டாம் என்றான், சரி என்று விட்டுவிட்டோம்.

அம்மாவுக்கு நாங்கள் எடுத்தது மீன். உருளைக்கிழங்குச் செதில் போர்த்திய மீன், இதுவும் பொக்கூஸ் புகழ்பெறச் செய்த சாப்பாடுதான். உருளைக்கிழங்கை மிக மெல்லிய சின்ன வட்டங்களாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் மீன் செதில் வரிசையில் அடுக்கிப் பொரித்திருப்பார்கள். கொழும்புக்குத் திரும்பியதும் மனைவி கொடுவா மீன் வாங்கி இதைச் செய்து பார்த்தாள். முதல் தடவை செதில் எல்லாம் தாச்சியில் கழன்றது. அப்புறம் சரியான முறையைக் கண்டுபிடித்தாள். வட்டங்களைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து, ஈரம் போகத் துடைத்து, உருக்கிய பட்டரிலும் கொஞ்சம் மாச்சத்து மாவிலும் புரட்ட வேண்டும். மீன் தோலில் முட்டை மஞ்சட்கரு பூசி அதன்மேல் அடுக்க வேண்டும். பிறகு கொஞ்ச நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

காசு பற்றி நேராகச் சொல்கிறேன். அப்போது ஒரு டொலர் 180 ரூபா அளவில் இருந்தது. இப்போது 300 அளவில் இருக்கிறது, ஆகவே நம் பக்கம் இது மிகப் பெரிய செலவு. நாங்கள் போனபோது தனித்தனியாகச் சொல்லி எடுக்க முடிந்தது. பின்னர் அவர்கள் ஒரே விலைக்கு வரிசையாகப் பல தட்டு வரும் முறைக்கு மாறியிருக்கிறார்கள், எனவே பதிவு செய்யும் முன் அன்றைய பட்டியலையும் விலையையும் அவர்களுடைய தளத்தில் பாருங்கள். அந்த விலையோடு 6.5 சதவீத வரி சேரும். இங்கே பில்லில் 10 சதவீத சேவைக் கட்டணம் சேர்ந்து வரும், அங்கே அப்படியில்லை. 18 முதல் 20 சதவீதம் நீங்களாக வைக்க வேண்டும். பரிமாறுகிறவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி அதில்தான். இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டுப் போனால் மேசையில் உட்கார்ந்து மனம் கணக்குப் போடாது.

அவ்வளவு செலவழிக்க முடியாது என்றால் அந்த ஆசையை விட்டுவிடத் தேவையில்லை. கீழ்த்தளத்து ஷெஃப் த பிரான்ஸில் குறைந்த செலவில் சாப்பிடலாம், இடமும் கலகலப்பு. இன்னும் குறைவாக வேண்டுமென்றால் பக்கத்தில் லே ஆல் என்ற பேக்கரி இருக்கிறது. குரோசான், கீஷ், நீளப் பாண் எல்லாம் வாங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். பிள்ளைகள் ஐந்து ஆறு வயதுக்குக் கீழே என்றால் நான் அதைத்தான் செய்வேன்.

மாடியில் மேசை கிடைத்தால் ஜன்னல் ஓரம் கேட்டுப் பாருங்கள், ஏரி தெரியும். உங்கள் அம்மாவைச் சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவருக்கு மேசையில் இருப்பது முழுக்கப் புதிதாக இருக்கும், பிள்ளைக்கும் அப்படித்தான். அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடட்டும், நீங்கள் உங்கள் தட்டைப் பாருங்கள்.