மூன்று மணிக்குக் கதவைத் திறந்தவர்

கேள்வி: வயது 24. இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம், டவுனில் கடை வேலை. இங்கிலாந்தின் மென்செஸ்டர் யுனைடெட் காற்பந்து அணியின் ரசிகன். 2025 மே மாதம் யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டொட்டன்ஹாமிடம் 0–1 என்று தோற்றதைக் கூட்டாளி வீட்டில் பார்த்துவிட்டு மூன்று மணிக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்துவிட்டா. விடியும்வரை தூக்கமில்லை. பயிற்றுவிப்பாளர் அமோரிம் கடைசிவரை மூவர் பின்கள முறையை விடவில்லை, அணித்தலைவர் ப்ரூனோவுக்கு ஓய்வும் கொடுக்கவில்லை. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என்ன செய்வது?

பதில்: தம்பி, ஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. மூவர் பின்களமான 3-4-2-1 ஆடினால், நால்வர் வரிசையில் இருவர் ஓரத்துக்குப் போக, நடுக்களத்தில் இருவர்தான். எதிரணி அங்கே மூவரை நிறுத்தினால் ஒருவர் எப்போதும் தனியே நிற்பார். அவரைப் பிடிக்கப் பின்களத்திலிருந்து ஒருவர் ஏறினால், அவர் விட்டு வந்த இடம் திறந்துகொள்ளும். ஓரத்து இருவரும் மைதானத்தின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். நால்வர் பின்களத்துக்காகச் சேர்த்த அணியில் அப்படிப்பட்ட ஆள் குறைவு. பருவகாலம் தொடங்கிய பிறகு, 2024 நவம்பரில் வந்த அமோரிமுக்குப் பழக்க நாளும் இல்லை. பிரீமியர் லீக்கில் முடிவு 42 புள்ளி, 20 அணிகளில் 15ஆம் இடம்.

இவ்வளவு கவனிக்கிறவர், "அம்மா கதவைத் திறந்துவிட்டா" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்களே! அந்த ஆட்டம் நம் நேரப்படி 12.30க்குத் தொடங்கியது. விடிந்தால் வியாழக்கிழமை, வேலை நாள். மூன்று மணிக்கு எழும்பிய அம்மா மறுபடி கண்ணயர்ந்தாரா? நாலரைக்கு அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, உங்கள் பங்கை மூடி வைத்துவிட்டு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போயிருப்பார். பிறகு இடுப்பில் படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வழுக்குகிற மலையில் கொழுந்து பறிப்பு. பறித்த நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். ப்ரூனோவுக்கு ஓய்வில்லை என்று எண்ணிப் பார்த்தீர்கள், பெற்றவளின் தூக்கத்தை எண்ணவில்லை. விடியும்வரை விழித்தே கிடந்தீர்களே, எழுந்து அந்த அடுப்பையாவது மூட்டியிருக்கலாம். தாய் உழைக்கும் வீட்டில் 24 வயது மகன் விருந்தாளியாக இருக்கக் கூடாது.

உங்கள் ஆத்திரத்துக்கு நான் மருந்து சொல்லப்போவதில்லை. வேலை சொல்கிறேன். இங்கிலாந்தின் பிற்பகல் 3 மணி ஆட்டம் மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை நமக்கு இரவு 7.30, மற்ற மாதங்களில் 8.30. அதை வீட்டிலேயே பாருங்கள். அங்கே இரவு 8 மணி என்றால் இங்கே 12.30 அல்லது 1.30. மறுநாள் அம்மாவுக்கு வேலையிருந்தால் அது வேண்டாம். அடுத்த நாள் மாலை போனில் பாருங்கள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் நடுக்களத்து இருவர் எங்கே சிக்குகிறார்கள் என்பதும் விளங்கும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும்தான் என்றால், வெளியிலிருந்தும் சாவியால் திறக்கிற பூட்டு ஒன்றை இந்த மாதச் சம்பளத்திலேயே போடுங்கள்.

நாலரை மணி அடுப்பு இனி உங்களுடையது. விறகை முதல்நாள் இரவே உள்ளே எடுத்து வையுங்கள், மழையில் நனைந்தால் பற்றாது.