மேட்டில் மட்டும் கொதிக்கும் வண்டி

கேள்வி: இருபது வயதான டீசல் ஃபோர் வீல் டிரைவ். நெடுஞ்சாலையில் டெம்பரேச்சர் முள் அசையாது. மணலில், மேட்டில் மெதுவாக ஏறினால் சிவப்பைத் தொடுகிறது. பெரிய ரேடியேட்டர் போட்டுவிடலாமா?

பதில்: பொறுங்கள். வேகத்தில் காற்று தானாக வரும். மெதுவாகப் போகையில் ஃபேன்தான் இழுத்தாக வேண்டும். ஆகவே முதல் சந்தேகம் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் மீது; சூடு ஏறினால் ஃபேனை எஞ்சினோடு பிடித்துச் சுற்ற வைக்கும் பாகம் அது. சூடான எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, ஃபேனைக் கையால் சுண்டுங்கள். கனமாகத் திரும்பி நின்றால் சரி. பம்பரம் மாதிரி நாலைந்து சுற்று ஓடினால் உள்ளிருக்கும் சிலிக்கோன் எண்ணெய் கசிந்துவிட்டது. கிளட்ச்சின் நடுவில் பிசுக்கும் தெரியும். ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடான ஷ்ரவுட் உடைந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

அடுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அப்பிய சேற்றை எஞ்சின் பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். சூட்டுக்கேற்ப எஞ்சின் நீரோட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள்; கேட்காதீர்கள். ரேடியேட்டரில் ஊற்றுவது, கலக்காத கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி. இத்தனைக்கும் அடங்காவிட்டால்தான் ரேடியேட்டர்.