தேசிய கீதத்துக்கு எதுக்கு விளக்கவுரை?

அண்ணா வணக்கம். நான் தென் கொரியாவுல தேஜோன்ல போஸ்ட்டாக் பண்றேன். லேப்ல கூட வேலை பாக்குற கொரியத் தோழி ஒரு நாடகக் குழுவுல இருக்கா. 1980ல குவாங்ஜு நகரத்துல ராணுவ ஆட்சிய எதிர்த்து ஜனங்க நடத்துன எழுச்சி பத்தி ஒரு மியூசிக்கல் எழுதிட்டு இருக்காங்க, வெளிநாட்டு விழாக்களுக்குக் கொண்டு போகணும்னு ஆசை. வெளிநாட்டுக்காரங்களுக்கு இந்த வரலாறு புரியாது, அதனால நடுநடுவுல ஒரு நரேட்டர் வந்து விளக்கணும்னு பாதிப் பேரு, வரலாறக் கொறச்சு காதல் கதையா ஆக்கிடலாம்னு மீதிப் பேரு. கொரிய மியூசிக்கல் 'மேபி ஹேப்பி எண்டிங்' 2025ல நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்குக் குடுக்குற டோனி விருது 6 வாங்குனதுல இருந்து எல்லாருக்கும் பிராட்வே கனவு வேற. இங்கிலீஷ் சப்டைட்டில் நான்தான் பண்றேன். நரேட்டர் வேணுமா வேணாமா?

அன்புள்ள தங்கச்சி,

டோனி பேச்ச விடுங்க. அது ரெண்டு ரோபோவோட கதை, நல்ல கதை, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. குவாங்ஜு பத்தின ஒரு மியூசிக்கல் 2022லயே நியூயார்க்ல ஷோகேஸ் வரைக்கும் போயிட்டு வந்துருச்சு, அதனால வழி இருக்கான்னு கவலப்பட வேணாம்.

ஆனா "வெளிநாட்டுக்காரங்களுக்குப் புரியாது"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதப் படிச்சதும் எனக்குக் கோவமே வந்துருச்சு. போன வாரம் பூரா நான் 'அன்பருக்கான அணிவகுப்பு' பாட்டத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருந்தேன், சரியா அந்த நேரத்துல உங்க கடிதம் வருது. குவாங்ஜு பத்தி ஒரு மியூசிக்கல் எப்பவே வந்துருச்சு தெரியுமா? 1982ல. ராணுவ சர்வாதிகாரி சுன் டூ-ஹ்வான் ஆட்சியில, ராணுவம் சுட்டு ரெண்டு வருஷம்கூட ஆகல. 1980 மே 27 விடிகாலையில, ராணுவம் திரும்பப் புகுந்தப்ப மாகாண அலுவலகத்துக்குள்ள செத்துப்போன போராளி யூன் சாங்-வொனுக்கும், அவர் கூட இரவுப் பள்ளியில பாடம் நடத்தி 1978லயே செத்துப்போன பாக் கி-சுன்ங்கற பொண்ணுக்கும் செத்தப்புறம் ஒரு கல்யாணம் பண்ணி வச்சாங்க, அந்த ரெண்டு ஆன்மாவுக்காக எழுதுன இசை நாடகம் அது. எழுத்தாளர் ஹ்வாங் சோக்-யோங் வீட்டுல, சத்தம் வெளிய போகாம ஜன்னல்ல போர்வையத் தொங்கவிட்டு, சாதாரண கேசட்டுல பதிவு பண்ணாங்க. அதோட கடைசிப் பாட்டுதான் இது. அது எங்கெல்லாம் போச்சு! ஹாங்காங், தாய்வான், தாய்லாந்துன்னு தொழிலாளிங்க அவங்கவங்க மொழியில வார்த்தையப் போட்டுப் பாடுனாங்க. 2019 ஜூன்ல ஹாங்காங் அம்மாக்கள் கூடுன கூட்டத்துல ஒருத்தர் மேடையேறி இதப் பாடுனாங்க. எந்த நரேட்டர் வந்து விளக்குனான் அவங்களுக்கு? உங்களுக்கு வெளிநாடுன்னா நியூயார்க்கும் லண்டனும் மட்டும்தானா? நீங்களே அங்க வெளிநாட்டுக்காரிதானே, உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல.

1980 மே 21 மதியம் ஒரு மணி. குவாங்ஜுவுல கும்நாம்-ரோ தெரு முழுக்க ஜனம். முந்தின நாள் சாயங்காலம் டாக்ஸிக்காரங்க ராணுவத்த எதிர்த்து ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு அணிவகுத்து வந்த அதே தெரு. மாகாண அலுவலக ஒலிபெருக்கியில தேசிய கீதம் வருது. அது ஒலிக்கறப்பவே கூட்டத்தப் பாத்து துப்பாக்கி வெடிச்சுதுன்னு அங்க இருந்தவங்க சாட்சி சொல்லியிருக்காங்க. அதே ஜனங்கதான் அப்புறம் செத்தவங்களோட சவப்பெட்டி மேல தேசியக் கொடியப் போத்தி, அதே கீதத்தப் பாடுனாங்க. இத மேடையில வைக்கும்போது ஒருத்தர் வந்து "இது கொரிய தேசிய கீதம், இவங்க ராணுவத்தினர்"னு விளக்குனா அந்தக் காட்சி அங்கயே செத்துரும்மா. மெட்டு பாக்க வந்தவனுக்குத் தெரியலன்னா தெரியாமலே கேக்கட்டும். எல்லாரும் நெஞ்சுல கை வச்சு நிக்கறதப் பாத்தா போதும், எந்த ஊர்க்காரனுக்கும் அது என்ன பாட்டுன்னு தெரிஞ்சுரும். அடுத்தது வெடிச்சத்தம். அதுக்கப்புறம் கொடி. கீதத்த முழுசாப் பாட விடுங்க, நறுக்காதீங்க. சப்டைட்டில்ல அந்த நேரத்துக்குத் திரைய வெறுமையா விடுங்க, இது உங்க கையில இருக்கற விஷயம், உங்க தோழிகிட்ட சண்ட போட்டாவது செய்யுங்க.

பல வருஷம் முன்னாடி ஒரு மே 17 சாயங்காலம் நான் அந்தத் தெருவுல நின்னேன். நினைவு நாளுக்கு முந்தின ராத்திரி அங்க பெரிய கூட்டம் கூடும். எனக்கு கொரியன்ல நன்றி சொல்றதத் தவிர ஒண்ணும் தெரியாது. ஒரு வயசான அம்மா, கையுறை போட்டுக்கிட்டு சோத்த உருட்டி உருட்டி வர்றவங்க கையில வச்சுட்டே இருந்தாங்க. ஜுமொக்பாப். 1980ல சந்தைப் பொம்பளைங்க பெரிய பெரிய சட்டியில சோறாக்கி போராடுன பசங்களுக்கு உருட்டிக் குடுத்த அதே உருண்டை. உப்பு, எள்ளெண்ணெய், கொஞ்சம் கடல்பாசித் தூள், அவ்ளோதான். நான் ஒண்ண வாங்கித் தின்னேன். அவங்க என் மூஞ்சியப் பாத்துட்டு இன்னொண்ணு வச்சாங்க, வேணாம்னு தலையாட்டுனா தோள்ல ஒரு தட்டு தட்டி எதோ சொன்னாங்க. எங்க அப்பத்தா "தின்னுடா"ன்னு சொல்ற அதே குரல். அங்கயே அழுதுட்டேன்.

காதல் கதையா மாத்தணும்னு சொல்றவங்ககிட்ட சொல்லுங்க, காதல் தாராளமா இருக்கட்டும், அந்த 1982 நாடகமே ஒரு கல்யாணம்தான். ஆனா அந்த சோத்து உருண்டைய எடுத்துட்டு "சுதந்திரம்"னு பொதுவா ஒரு பாட்டப் போட்டா, அது எந்த ஊர்க் கதைன்னே தெரியாமப் போயிரும். குவாங்ஜு ஜனங்க பேசுற ஜொல்லா வட்டார வழக்கையும் இங்கிலீஷ்ல இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிடாதீங்க. அந்தச் சந்தைப் பொம்பள சியோல் டிவி செய்தி வாசிக்கறவங்க மாதிரி பேசுனா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நரேட்டர் பத்தி கேட்டீங்க இல்ல, வேணாம். அடுத்த மே 17க்கு லீவு போட்டுட்டு தோழியக் கூட்டிக்கிட்டு குவாங்ஜுவுக்கு ரயில் ஏறிப் போங்க. வெறும் வயித்தோட போங்க. வந்து எனக்கு எழுதுங்க.