நீட் கைகூடவில்லை என்றால் முதலில் நர்சிங்கா?

நீட்டில் இடம் கிடைக்காததால் முதலில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்து, பிறகு எம்பிபிஎஸ் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், எம்பிபிஎஸ்தான் இலக்கு என்றால். பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு அதன் வழியாக மருத்துவத்துக்குப் போகலாம் என்ற கணக்கு இந்தியாவில் பலிக்காது. அந்தப் பட்டத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடையாது. நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் முடியாது. 4 ஆண்டுகள் கழித்தும் அதே நீட்தான். அதன்பின் நாலரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி.

நர்சிங் சேராமல் மீண்டும் நீட்டுக்கே படித்தால் "ஆண்டு வீணாகிவிடும்" என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். வயது கடந்துவிடுமோ என்ற அச்சம்தான் காரணமாக இருக்கும். 2022 முதல் நீட்டுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. அதை அவர்களிடம் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன், நீங்கள் எழுதிய வினாத்தாளை நேரம் வைத்து மீண்டும் எழுதிப் பாருங்கள். மொத்தமுள்ள 720இல் எந்தப் பாடம் மதிப்பெண்ணைத் தின்கிறது? இயற்பியல் என்றால் நர்சிங் வகுப்பு அதற்கு உதவாது, இதுவரை படித்திருப்பதும் மறந்துபோகும்.

நோயாளியின் அருகிலேயே இருந்து கவனிக்கும் வேலை உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்குமென்றால் என் பதில் வேறு: தயங்காமல் சேருங்கள், அருமையான தொழில். ஆனால் இடையில் விலகினால் கட்டணமும் அசல் சான்றிதழ்களும் என்னவாகும் என்று கல்லூரியில் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.