ரேகாபியரும் நசரேயரும் ஒன்றா?

சகோதரி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் "ரேகாபியரும் நசரேயரும் ஒன்றுதானே, இரண்டு பேருமே திராட்சரசம் குடிப்பதில்லையே" என்று மடக்கியதாக எழுதியிருந்தீர்கள். ஒன்றில்லை. நசரேய விரதம் எண்ணாகமம் 6இல் வருகிறது. பெரும்பாலும் தனி ஆள், குறிப்பிட்ட நாட்களுக்கு எடுப்பது. தலைமயிரைச் சிரைக்கக் கூடாது, பிணத்தருகே போகக் கூடாது.

ரேகாபியர் கதையே வேறு. அவர்கள் ஒரு குடும்பம். 1 நாளாகமம் 2:55 அவர்களைக் கேனியரோடு சேர்க்கிறது. மோசேயின் மாமனார் வழி வந்த கூட்டம் அது. மதுவை மட்டுமல்ல, வீடு கட்டுவது, விதைப்பது, திராட்சத்தோட்டம் வைப்பது எல்லாவற்றையும் மூதாதை யோனதாப் தடுத்திருந்தார். வாழ்நாள் முழுக்கக் கூடாரம்தான். பாபிலோன் படைக்குப் பயந்தே எருசலேமுக்குள் வந்தார்கள்.

எரேமியா 35ஐப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆலயத்து அறையில் ரேகாபியர் முன் திராட்சரசம் நிறைந்த குடங்களும் கிண்ணங்களும் வைத்து, "குடியுங்கள்" என்கிறார் எரேமியா, அதுவும் ஒரு தீர்க்கதரிசி! அவர்கள் தொடவில்லை. யோனதாப் இஸ்ரவேலின் யெகூ ராஜா காலத்து ஆள். அதாவது சொல்லி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் வீட்டில் தாத்தா சொன்னதே நிற்பதில்லை.

அப்புறம், வினாடிவினாவில் கேட்க ஒன்று: அன்று அவர்களுக்குத் தலைவர் யார்? யசினியா.