படகில் போயும் ஒன்றும் காணோம் – கடிதம்

வணக்கம் சார்,

நீர்நாய்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவை கிளார்க் கீயில் படகேற்றி மரீனா பே வரை சுற்றிக் காட்டினேன். கட்டடங்கள் பிரமாதம், ஆனால் ஒரு பிராணிகூடக் கண்ணில் படவில்லை. ஃபுளோரிடாவில் இருக்கும் அண்ணன், அங்கே கடலோர உள்நீர்ப் பாதையில் கடற்பசு, டால்பின், கூழைக்கடா எல்லாம் பார்த்ததாக வீடியோ அனுப்பி வெறுப்பேற்றுகிறார். சிங்கப்பூரில் அப்படி எதுவும் கிடையாதா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், ஈசூன்

அன்புள்ள வாசகருக்கு,

இருக்கிறது. நீங்கள் படகேறிய தண்ணீர்தான் சரியில்லை. 2008-ல் அணை வந்த பிறகு மரீனா பக்கம் கடலே இல்லை, அது நன்னீர்த் தேக்கம். கடல் ஏறி வற்றும் இடத்தில்தான் சேறு வெளியே வரும், சேறு வந்தால் நண்டு வரும், நண்டு இருந்தால் நாரை வந்து நிற்கும். கான்கிரீட் கரைக்கு நடுவில் மட்டம் மாறாமல் கிடக்கிற தண்ணீரில் அதற்கு என்ன வேலை? நீர்நாய் அங்கே உண்டுதான், ஆனால் அதற்குப் படகு வேண்டாம், விடியற்காலையில் அதே தேக்கத்தைச் சேர்ந்த காலாங் பேசின் கரையில் நடந்தாலே வாய்ப்பு அதிகம்.

உங்கள் அண்ணன் போனது இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வேயாக இருக்கும். தீவுகளுக்கு உள்பக்கமாகக் காயல், கழிமுகம், வெட்டிய கால்வாய் எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு அமெரிக்காவின் கிழக்கு, தெற்குக் கரையோரம் ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் போகிற பாதை அது. வெளிக்கடல் அலை உள்ளே அவ்வளவாக வராது, அதனால் சரக்குப் படகும் போகிறது, கடற்பசுவும் மேய்கிறது. இரண்டும் ஒரே தண்ணீரில் இருந்தால் என்ன ஆகும் என்பது கடற்பசுவின் முதுகிலேயே தெரியும்: படகைத் தள்ளும் இன்ஜின் விசிறி கீறிய தழும்புகளை வைத்துத்தான் ஆய்வாளர்கள் எது எந்தக் கடற்பசு என்று அடையாளம் வைத்திருக்கிறார்கள். அதனால் ஃபுளோரிடாவில் அது நடமாடும் பல இடங்களில் படகை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அண்ணனுக்கு இத்தனை கண்ணில் பட்டதில் அந்த வேகக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு என்பேன், மூச்சுவிட நீருக்கு மேலே ஒரு நொடி வந்துபோகும் மூக்கை வேகப் படகிலிருந்து யார் பார்க்க முடியும்?

சரி, நம்ம ஊருக்கு வருவோம். வடக்கே ஜொகூர் நீரிணை இருக்கிறது, இரண்டு பக்கமும் கரை, நடுவில் புலாவ் உபின் தீவு. அங்கே போக சாங்கியில் 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும் பம்போட் என்கிற சின்ன மோட்டார் படகில் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிடம்தான், இன்ஜின் சத்தத்தில் பேசவே முடியாது, ஆனாலும் அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு வட்டமிடும். நீரிணையில் ஆங்காங்கே மிதக்கிற மீன்பண்ணைகளின் விளிம்பில் சாம்பல் நாரை ஏதோ சம்பளம் வாங்குகிற காவலாளி மாதிரி நிற்கும்.

நானாக இருந்தால் உபினில் கயாக் எடுத்து சதுப்புநிலக் காட்டு ஓடைக்குள் போவேன், வழிகாட்டியோடு கூட்டிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். கடல் ஏறியிருக்கும்போதுதான் உள்ளே போக முடியும், வற்றினால் சேற்றில் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் பார்க்க வேண்டியது அலை அட்டவணை, அப்புறம்தான் லீவு. நீர் ஏறும்போது வேர்களில் கொஞ்சம் கண்ணை வைத்திருங்கள். நத்தைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தள்ளி ஒட்டிக்கொண்டிருக்கும், சேற்றில் தாவுகிற அந்த முழிக்கண் மீன்கூட மேலே தொற்றிக்கொண்டு உட்காரும். துடுப்பை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் சும்மா இருந்தால்தான் இதெல்லாம்.

நீந்தி வருவது உடும்பா முதலையா என்று பயப்படுகிறவர்கள் நிறைய. உடும்பு தலையைத் தூக்கிக்கொண்டு, உடம்பை வளைத்து வளைத்து, நாக்கை நீட்டி நீட்டி வரும். முதலை அப்படி மெனக்கெடாது, கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே, மிதக்கிற கட்டை என்றே நினைப்பீர்கள். முதலைக்கு சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகம் போங்கள், கடல் வற்றியிருக்கும்போது பெரிய பாலத்தில் நின்று பார்த்தால் பல நாள் தென்படும். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து உள்ளான் என்கிற கரைப்பறவைகளும் வந்து சேரும். அங்கே கணக்கு தலைகீழ், வெளியே சேறு மூழ்கிய நேரத்தில்தான் அவை உள்ளே குளங்களுக்கு வந்து கூட்டமாக நிற்கும்.

டால்பின் சில சமயம் தெற்குத் தீவுகள் பக்கம் தென்படும், அதை நம்பிக் காசு கட்டாதீர்கள். கடற்பசுவின் உறவுக்காரியான ஆவுளியா இங்கேயும் உண்டு, ஆனால் ஆளைப் பார்ப்பது அபூர்வம். உபினின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவாவின் கடற்புல்லில் அது மேய்ந்துபோன தடம் பதிவாகியிருக்கிறது.

அம்மாவை கயாக்கில் உட்கார வைக்க வேண்டாம். பம்போட்டில் ஏற்றி இறக்கும்போது கைபிடித்துக்கொள்ளுங்கள், படகு ஆடும், படியில் வழுக்கும். உபின் துறையில் வேன் கிடைக்கும், செக் ஜாவா வரை அதில் போய்விட்டு மரப்பாதையில் மெல்ல நடக்கலாம். அலை அட்டவணையில் கடல் மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே போகிற நேரமாகப் பாருங்கள், அப்போதுதான் நண்டும் மற்றதும் வெளியே இருக்கும். இடி வரும் போலிருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். சாப்பாட்டை பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், முதுகுப்பைக்குள் வையுங்கள். உபின் குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் அந்தப் பை சரசரக்கிற சத்தம் நன்றாகவே தெரியும்.